பத்து நாள் லீவு எடுத்தும் சோர்வு போகல, இது பர்ன்அவுட்டா இல்ல நான் சோம்பேறி ஆயிட்டேனா?

மழைத்துளி:
எல்லாருக்கும் வணக்கம். இதுவரைக்கும் இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டிருந்தேன், இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க.

எட்டு வருஷமா ஒரே இடத்துல வேலை, வாடிக்கையாளர் புகார் பாக்கற டீம். ஆரம்பத்துல இந்த வேலை எனக்கு அவ்ளோ பிடிக்கும், கோவமா போன் பண்ற ஒருத்தர் கடைசில தேங்க்ஸ் சொல்லிட்டு வெச்சா அன்னிக்கு பூரா மனசு நிறைஞ்சிருக்கும். ரெண்டு வருஷம் முன்னாடி டீம்ல மூணு பேர் போயிட்டாங்க, அந்த இடத்துக்கு ஆளே எடுக்கல, கொஞ்ச நாளைக்கு நீங்களே பங்கு போட்டுக்கோங்கன்னாங்க, அந்த கொஞ்ச நாள் இன்னும் முடியல.

இப்ப அலாரம் அடிக்கறதுக்கு முன்னாடியே முழிப்பு வந்துடுது ஆனா எழுந்திருக்க முடியல. ரெண்டு வரி மெயிலுக்கு பதில் போட முக்கால் மணி நேரம் ஆகுது. போன வாரம் போன்ல ஒரு அம்மா அழுதாங்க, நான் ம் கொட்டிக்கிட்டே அடுத்த புகார் டிக்கெட்ட ஓபன் பண்ணிட்டிருந்தேன், எனக்கு ஒண்ணுமே தோணல. போன வெச்சப்புறம்தான் பயமா போச்சு. நான் இப்படிப்பட்ட ஆளே கிடையாது. புதுசா சேர்ந்த தம்பி ஏதோ டவுட் கேட்டதுக்கு எல்லார் முன்னாடியும் கத்திட்டேன், அவன் மூஞ்சி இன்னும் கண்ணு முன்னாடி நிக்குது.

லீவு போட்டேன், மூணு நாள் தூங்கினேன், நடுவுல நல்லாத்தான் இருந்துச்சு, கடைசி ரெண்டு நாள் நெஞ்சு படபடன்னு அடிச்சிக்க ஆரம்பிச்சிடுச்சு. திங்கக்கிழமை மத்தியானத்துக்குள்ள லீவே போகாத மாதிரி ஆயிடுச்சு. வீட்ல சொன்னா எல்லாரும்தான் வேலைக்கு போறாங்கன்றாங்க. எனக்கே சந்தேகமா இருக்கு. யாராவது இதுல இருந்து வெளிய வந்திருந்தா சொல்லுங்க.

வெள்ளைப்பூ:
மழைத்துளி, நான் நர்ஸ். நீங்க அந்த அம்மா அழுததப் பத்தி எழுதினதப் படிச்சிட்டு அஞ்சு நிமிஷம் போன கீழ வெச்சிட்டேன், ஏன்னா அதே மாதிரி நான் ஒரு வார்டுல நின்னிருக்கேன். படுக்கையில இருக்கறவர் வலிக்குதுன்றார், எனக்கு அது ஒரு வேலை இன்னும் கூடிச்சேன்னுதான் தோணுச்சு.

சோம்பேறியா இருந்தா நீங்க ரெண்டு வருஷம் அடுத்தவங்க வேலையையும் சேர்த்து இழுத்திருக்க மாட்டீங்க, அத முதல்ல விடுங்க. இந்த பர்ன்அவுட்டுன்ற வார்த்தைய 1974ல ஒரு ஆய்வு பத்திரிகைல எழுதினவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர்னு ஒரு உளவியலாளர், நியூயார்க்ல ஒரு இலவச கிளினிக்ல வேலை செஞ்சவர், அங்க ஆசை ஆசையா வந்து உழைச்சவங்கதான் கருகிப்போறாங்கன்னு பாத்துத்தான் எழுதினார், அவருக்கே அது வந்துச்சு. அப்புறம் கிறிஸ்டினா மாஸ்லாக் அம்மா இத மூணா பிரிச்சு அளக்க ஒரு கேள்வித்தாள் பண்ணாங்க: உடம்பும் மனசும் வத்திப்போறது, மனுஷங்க மேல ஒட்டுதல் போயிடறது, நான் செய்யறதுல ஒரு பிரயோஜனமும் இல்லன்னு தோணறது. உங்க பதிவுல முதல் ரெண்டும் அப்படியே இருக்கு. அந்த ஒட்டுதல் போறது கெட்ட குணம் இல்லங்க, தாங்க முடியாம மனசு தானா கதவ சாத்திக்கறது.

மருந்துச்சீட்டு:
நான் பொது மருத்துவர். மேல சிஸ்டர் சொன்னது சரி, ஆனா பர்ன்அவுட்டுன்னு நீங்களே முடிவு கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை டாக்டர்கிட்ட போயிடுங்க. ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைவு, சர்க்கரை, தூக்கத்துல மூச்சு தடைபடறது, இதுல எது இருந்தாலும் இதே மாதிரி சோர்வு வரும், இதெல்லாம் பரிசோதனைல தெரிஞ்சிடும், சிகிச்சையும் இருக்கு. மன அழுத்தத்த மட்டும் காரணமா நெனச்சு வருஷக்கணக்குல ரத்தசோகையோட சுத்தினவங்கள நான் பாத்திருக்கேன்.

அடுத்தது டிப்ரஷன். இதுவும் பர்ன்அவுட்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும், வெளிய இருந்து பிரிச்சு சொல்றது கஷ்டம். நான் கேக்கற கேள்வி இதுதான், லீவுல நடுவுல நல்லா இருந்துச்சுன்னீங்களே, அப்ப உங்களுக்கு பிடிச்ச ஏதாவது ஒண்ண செஞ்சு அது பிடிச்சுதா? வேலைய விட்டு தள்ளி இருக்கும்போதும் எதுலயும் ருசி இல்லன்னா மனநல மருத்துவரப் பாக்கணும். உயிரோட இருந்து என்ன ஆகப்போகுதுன்னு ஒரு தடவ நினைப்பு வந்தாலும் அன்னிக்கே பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லிட்டு கிளம்பிடுங்க, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு இருக்காதீங்க.

வீட்ல சொல்றதுக்கு ஒண்ணு: உலக சுகாதார நிறுவனம் 2019ல ஏத்துக்கிட்ட ஐசிடி-11ன்ற சர்வதேச நோய் பட்டியல்ல பர்ன்அவுட் இருக்கு, நோயா இல்ல, வேலையோட சம்பந்தப்பட்ட நிலைன்னு. வேலையிடத்துல தீராம இருக்கற அழுத்தத்துல இருந்து வர்றதுன்னுதான் அதுல இருக்கு. மனுஷனோட பலவீனம்னு எங்கயும் இல்ல.

காட்டுப்பாதை:
சகோ, வேலைய விட்டுடுங்க. ரெண்டு வருஷமா ஆள் எடுக்காதவன் இனிமேலா எடுக்கப்போறான். உடம்பு போனா எவன் திருப்பித் தருவான்.

ரெண்டாம்சுற்று:
காட்டுப்பாதை சொல்ற கோவம் நியாயம்தான், ஆனா நான் அப்படித்தான் ஒரு நாள் பேப்பர் போட்டுட்டு வெளிய வந்தேன், புது இடத்துல ஒரே வருஷத்துல திரும்ப அதே நிலைமை, ஏன்னா ராத்திரி பத்து மணிக்கு வர்ற மெசேஜுக்கு பதில் போடற பழக்கத்தையும் யார் எதக் கேட்டாலும் சரின்ற வாயையும் நான் கூடவே எடுத்துட்டு போயிட்டேன். முதல் ரெண்டு வாரத்துலயே நான் எதையும் தாங்கறவன்னு கண்டுபிடிச்சிட்டாங்க. வெளிய போறதா இருந்தாலும் எது அரிக்குதுன்னு தெரிஞ்சிட்டு போங்க.

மாஸ்லாக் பேர் மேல வந்துச்சுல்ல, அவங்களும் மைக்கேல் லைட்டரும் ஆறு இடத்துல பாக்க சொல்வாங்க, வேலையோட சுமை, என் வேலைல என் கை ஓங்கி இருக்கா, உழைப்புக்கு பலன், கூட இருக்கறவங்க, நியாயம், நான் மதிக்கற விஷயத்துக்கும் வேலைக்கும் ஒத்துப்போகுதா. எனக்கு ரொம்ப நாள் சுமைதான் பிரச்சனைன்னு நெனப்பு. உக்காந்து எழுதிப்பாத்தா நியாயம்தான் கொன்னுட்டிருந்துச்சு, நான் முடிச்ச வேலைக்கு வேற ஒருத்தர் பேர் போடுவாங்க. அதுக்கு எத்தன நாள் லீவு போட்டா என்ன ஆகும்? உங்க லீவு வேலை செய்யாததுக்கும் காரணம் இதுதான்னு நெனக்கிறேன், திரும்பி வந்தப்ப அதே குவியல் அங்கயே இருந்துச்சு.

நடுப்பலகை:
நான் டீம் லீடா இருக்கேன், அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். என்கிட்ட வந்து முடியலன்னு சொன்னா எனக்கு பாவமா இருக்கும், மேல போய் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இருக்காது. கணக்கோட வாங்க. அந்த மூணு பேர் இருந்தப்ப ஒருத்தருக்கு ஒரு நாளைக்கு எத்தன புகார், இப்ப எத்தன, எத்தன மணிக்கு லாக் அவுட் பண்றீங்கன்னு ரெண்டு வாரம் குறிச்சு வெச்சுக்கோங்க. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை செய்யறவங்களுக்கு, 35ல இருந்து 40 மணி நேரம் செய்யறவங்கள விட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம்னு உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021ல சொல்லியிருக்காங்க, உங்க மணிக்கணக்கு அந்த பக்கம் போகுதுன்னா அதையும் சொல்லுங்க.

கேக்கும்போது ஒண்ணே ஒண்ணு கேளுங்க. உதாரணத்துக்கு ஆறு வாரம் போன் எடுக்காம எழுத்து வேலை மட்டும். பத்து கேட்டா பத்தும் ஆறிப்போகும். பதில மெயில்ல வாங்கிக்கோங்க.

மழைத்துளி:
எல்லாத்தையும் ரெண்டு தடவ படிச்சேன், அழுகை வந்துடுச்சு, நன்றின்ற வார்த்தை பத்தல. டாக்டர், பிடிச்சுதான்னு கேட்டீங்கல்ல, லீவுல பழைய கலர் பென்சில் எடுத்து வரைஞ்சேன், ரெண்டு மணி நேரம் போனதே தெரியல. டெஸ்டுக்கு சனிக்கிழமை போறேன். அந்த தம்பிகிட்ட இன்னிக்கு தனியா கூப்பிட்டு மன்னிப்பு கேட்டேன், அவன் பரவால்லக்கான்னு சொல்லிட்டு, நீங்க சாப்பிடவே எழுந்திருக்கறதில்லையேன்னு கேட்டான், எனக்கே அது தெரியாது. கணக்கும் எடுத்தேன், அப்ப 24, இப்ப 41. வியாழக்கிழமை பேசறேன். வெள்ளைப்பூ அக்கா, உங்களுக்கு சரியாக எவ்ளோ நாள் ஆச்சு?

வெள்ளைப்பூ:
வார்டு மாத்தி, நைட் ஷிப்ட குறைச்சு, கவுன்சிலர்கிட்ட போயி, எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. நடுவுல திரும்ப கீழ விழுந்த வாரமும் உண்டு, அப்ப எல்லாம் போச்சுன்னு நெனச்சேன், போகல. தூக்கம் முதல்ல வந்துச்சு, ஒட்டுதல்தான் கடைசியா வந்துச்சு. ஏழாவது மாசமோ எட்டாவது மாசமோ ஒரு பெரியவர் டிஸ்சார்ஜ் ஆகி போனார், வாசல் வரைக்கும் வீல்சேர தள்ளிட்டு போயி விட்டுட்டு திரும்பறப்பதான் கவனிச்சேன், அவர் பேத்தி பேரு எனக்கு ஞாபகம் இருந்துச்சு.