வைக்கோல் களிமண் சுவரு அடிப்பக்கம் உதிருது, சிமெண்டு பூசலாமா?

சிப்புட்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம். வீட்டுக்குப் பின்னால அப்பா களிமண்ணும் வைக்கோலும் மிதிச்சுக் கட்டுன ஒரு ரூம் இருக்கு, சாயந்திரம் தோட்டத்துப் பிள்ளைங்களுக்கு அங்கதான் டியூஷன், உள்ள அவ்ளோ குளுமையா இருக்கும். இப்ப கொஞ்ச நாளா வெளிப்பக்கம் தரையிலேர்ந்து முழங்கால் உயரம் வரைக்கும் மண்ணு பொடிப்பொடியா உதிருது, ஒரு மூலையில வைக்கோலே வெளிய தெரியுது, ஜன்னல் ஓரத்துலேர்ந்து கீழ்நோக்கி ஒரு வெடிப்பும் இருக்கு. வீட்டு வேலைக்கு வந்தவரு கம்பிவலை அடிச்சு சிமெண்டு பூசிடுங்க, அப்புறம் தொடவே வேணாம்னு சொல்றாரு. அப்பா இப்ப இல்ல, இந்த ரூம அப்படியே காப்பாத்தணும்னு இருக்கு. என்ன செய்யலாம்?

கம்பார்_மண்வேலை:
தங்கச்சி, சிமெண்டு மட்டும் வேணாம். மண்சுவரு ஈரத்த இழுக்கும், வெயில் வந்தா திருப்பி வெளிய விட்டுடும், அது அப்படித்தான் இத்தனை வருஷம் நின்னுருக்கு. மேல சிமெண்டு போட்டா ஈரம் வெளிய போற வழி அடைஞ்சிடும். மண்ணு ஈரத்துக்கு உப்பும், காஞ்சா சுருங்கும், சிமெண்டு அதோட சேர்ந்து அசையாது, அதனால மயிரிழை மாதிரி வெடிப்பு விழும், மழைத்தண்ணி அது வழியா உள்ள போகும் ஆனா காயாது, வெளிய பாக்க சுவரு நல்லா இருக்கும் உள்ள வைக்கோல் மக்கிப் போயிருக்கும். தொடவே வேணாம்ங்கற சுவரு மண்ணுல கிடையாது. மாலி நாட்டுல ஜென்னே பெரிய பள்ளிவாசல் 1907ல கட்டி முடிச்சது, மொத்தமும் மண்ணு, இன்னைக்கும் ஊரே ஒண்ணு கூடி வருஷா வருஷம் புதுசா மண்ணு பூசுது.

பூசுறதுக்கு முன்னாடி தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிங்க. முழங்கால் உயரம்னா பெரும்பாலும் கூரைத்தண்ணி கீழ விழுந்து தெறிக்கிறதுதான். மழை பேயும்போது குடை புடிச்சுக்கிட்டு பின்னால போய் நின்னு பாருங்க, லொங்காங் (தண்ணி ஓடுற கால்வாய்) அடைச்சிருக்கா, சுவத்தை ஒட்டி மண்ணு மேடாயிருக்கா, பூந்தொட்டி வச்சிருக்கீங்களான்னு. அத சரி பண்ணாம எத பூசினாலும் திரும்ப உதிரும்.

பாகான்_செராய்_தம்பி:
அண்ணன் சொன்னது சரி. நான் வைக்கோல், மண்ணு பத்தி சொல்றேன், இங்க நெல்லு வயல் நிறைய. அறுப்பு முடிஞ்சதும் புது வைக்கோலா வாங்குங்க, மஞ்சளா மொறுமொறுன்னு இருக்கணும், கருப்பு புள்ளியோ பூஞ்சை வாசனையோ வந்தா வேணவே வேணாம். பூச்சுக்கு விரல் நீளத்துக்கு நறுக்கிக்கணும். உதிர்ந்த மண்ண தூக்கி எறியாதீங்க, அது அப்பா கலந்த மண்ணு, அந்த சுவத்துக்கு அத விட பொருத்தமானது கிடைக்காது, மக்குன வைக்கோல பொறுக்கிட்டு ராத்திரி ஊற வச்சு திரும்ப மிதிக்கலாம். ஆனா வெள்ளையா உப்பு பூத்திருந்தா அத மட்டும் கழிச்சிடுங்க. பத்தலைன்னா மேல்மண்ண விட்டுட்டு கீழ உள்ள செம்மண்ணு எடுங்க. ஒரு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு, ரெண்டு பங்கு, மூணு பங்கு மணல்னு தனித்தனியா கலந்து சுவத்துலயே உள்ளங்கை அளவு பூசி காயவிட்டுப் பாருங்க. வெடிச்சா களி ஜாஸ்தி, தேய்ச்சா கையில கொட்டினா மணல் ஜாஸ்தி. தோட்டத்துல மாடு வளக்கிறவங்க இருந்தா கொஞ்சம் சாணியும் சேர்த்துக்குங்க, நல்லா புடிக்கும்.

ரவாங்_கொத்தனார்:
நான் கட்டட வேலை செய்றவன், சிமெண்டு இதுக்கு ஆகாதுன்னு நானும் சொல்வேன். ஆனா அடிப்பக்கம் வெறும் மண்ணு நம்ம ஊரு மழைக்கு நிக்குமான்னு யோசிங்க, சுண்ணாம்பு பூச்சு நல்லது, ஈரமும் வெளிய போகும் மழைக்கும் தாங்கும். கண்ணாடி, கையுறை இல்லாம சுண்ணாம்பத் தொடாதீங்க, கண்ணுல பட்டா ஆபத்து. பூசின பிறகு ஈரச்சாக்கு போட்டு மெதுவா இறுகவிடணும், வெயில்ல சடக்குன்னு காஞ்சா பொடியாயிடும்.

கம்பார்_மண்வேலை:
சுண்ணாம்பு ஒத்துக்கிறேன், ஆனா ஓட்டைய மண்ணால அடைச்சு அது முழுசா காஞ்ச பிறகுதான். மேல பிளாஸ்டிக் பெயிண்ட் அடிச்சிடாதீங்க, அதுவும் சிமெண்டு மாதிரியே மூடிடும்.

சிப்புட்_டீச்சர்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். நேத்து மழையில போய் நின்னேன், கூரைத் தண்ணிக்குழாய் முழங்கை உடைஞ்சு மொத்தத் தண்ணியும் அந்த மூலையிலதான் கொட்டுது! குழாய இன்னைக்கே மாத்தச் சொல்லிட்டேன். வெடிப்ப என்ன பண்றது, எப்ப பூச ஆரம்பிக்கலாம்?

கம்பார்_மண்வேலை:
வெடிப்போட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டு தேதி எழுதி வைங்க. கோடு தாண்டி நீண்டுச்சுன்னா அஸ்திவாரம் அசையுது, அப்ப ஆள் வச்சுப் பாக்கணும். நீளலைன்னா ஓரத்த கொஞ்சம் அகலமா செதுக்கி அடைச்சுக்கலாம். அடிப்பக்கத்த விரல் முட்டியால தட்டுங்க, வெத்து சத்தம் வர்ற இடமெல்லாம் சுரண்டி எடுங்க, கெட்டி மண்ணு வர்ற வரைக்கும். கரையான் கூடு இருக்கான்னும் பாத்துடுங்க. சுவரு பூரா ஒரே வெளிர் நிறமா வந்து கை வச்சா ஜில்லுன்னு இல்லாம இருக்கணும், அப்பதான் ஆரம்பிக்கலாம், அதுவரைக்கும் மேல கன்வாஸ் கட்டுங்க ஆனா சுவத்துல ஒட்டாம காத்து போற மாதிரி. அக்டோபர் நவம்பர்ல வேணாம். பூசும்போது தூசி தட்டி, தண்ணி தெளிச்சு, களிமண் கரைசல கையாலயே அழுத்தித் தேய்ச்சு அதுமேல கலவைய வைங்க. ஆழமா இருந்தா ஒரே தடவைல அடைக்காதீங்க, ஒரு அடுக்கு இறுகினதும் மேல கீறிவிட்டு அடுத்தது.

பாகான்_செராய்_தம்பி:
அறுப்பு சமயத்துல சொல்லுங்கக்கா, வைக்கோல் நான் கட்டி வைக்கிறேன், லோரி பாத்துக்குங்க.