ஸ்பானிஷ் பேச வர எவ்ளோ நாள் ஆச்சு? கத்துக்கிட்டவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோவை மெக்கானிக்கல்

எல்லாருக்கும் வணக்கம். கம்பெனில அடுத்த வருஷம் மெக்சிகோவுக்கு அனுப்புறாங்க, மோன்டெர்ரேய் பக்கம் ப்ளான்ட். டெய்லி ஆப்ல படிக்கிறேன், அதுல எல்லாம் சரியா வருது, ஆனா ஒரு மெக்சிகோ ஆள் பேசுற வீடியோவப் போட்டா ஒரு வரி கூடப் பிடிபடல. மூணு மாசம் போதும்னு ஒருத்தர் சொல்றார், ரெண்டு வருஷம் ஆகும்னு இன்னொருத்தர். நிஜமா பேசுற அளவுக்கு வந்தவங்க சொல்லுங்களேன், சீக்கிரம் வர என்ன பண்ணீங்க?

மாட்ரிட் மருமகள்

தம்பி, மாசக் கணக்க விட்டுட்டு மணிக் கணக்குப் பாருங்க. அமெரிக்க வெளியுறவுத் துறைல தூதரகத்துக்குப் போறவங்களுக்குன்னே எஃப்.எஸ்.ஐ.னு ஒரு பயிற்சி நிலையம் இருக்கு, அங்க ஸ்பானிஷுக்கு 30 வாரம், கிட்டத்தட்ட 750 மணி நேர வகுப்புன்னு கணக்கு (அதே இடத்துல நம்ம தமிழுக்கு 44 வாரம்). இது இங்கிலீஷ் தாய்மொழிக்காரங்க, சம்பளம் வாங்கிட்டு முழு நேரமும் உக்காந்து படிக்கிறதுக்கு, வீட்டுப்பாடம் தனி. முடிக்கும்போது ஆபீஸ் வேலைய அந்த மொழிலயே பாக்குற அளவுக்கு வந்துருவாங்க. நீங்க டெய்லி ஒரு மணி நேரம் குடுத்தா அதே 750க்கு ரெண்டு வருஷம், மூணு மணி குடுத்தா எட்டு மாசம், அவ்ளோதான். கடை, பஸ், வாடகைன்னு சமாளிக்க இதுல பாதி கூட வேணாம்.

எனக்கு நடந்ததச் சொல்றேன். கல்யாணமாகி இங்க வந்தப்ப கிளாஸ்ல சேர்ந்தேன், கிராமர் எல்லாம் எழுதுவேன், வாய் மட்டும் தொறக்காது. மாத்தி விட்டது எங்க தெருமுனைப் பழக்கடைதான். இந்த மாதிரி சின்னக் கடைகள்ல வரிசையா நிக்க மாட்டாங்க, அங்கங்க நிப்பாங்க, புதுசா உள்ள வர்றவங்க "கியென் எஸ் எல் உல்திமோ?"ன்னு கேக்கணும், அதாவது கடைசி ஆள் யாருன்னு. யாராவது "யோ"ன்னு கை தூக்குவாங்க, அவங்களுக்கு அப்புறம் நம்ம. கேக்காம நின்னா நிக்க வேண்டியதுதான், அதனால பேசியே ஆகணும். அப்புறம் தக்காளி சாலடுக்கா சமையலுக்கான்னு கடைக்காரர் கேப்பார், பக்கத்துல நிக்கிற பாட்டி எந்தத் தக்காளி நல்லதுன்னு பாடம் எடுப்பாங்க. வாரத்துக்கு ஒரு தடவை மொத்தமா சூப்பர் மார்க்கெட்ல வாங்குறத விட்டுட்டு டெய்லி கொஞ்சம் கொஞ்சமா இங்கயே வாங்க ஆரம்பிச்சேன், அதே பேச்சு தினமும் திரும்பத் திரும்ப நடக்குறதால பயம் போயிருச்சு. ஒரு வருஷத்துக்குள்ள பாட்டிகளோட உக்காந்து கதை பேசுற அளவுக்கு வந்துட்டேன்.

குடியுரிமை யோசிக்கிறவங்களுக்கு: டெலேங்கற ஸ்பானிஷ் மொழிப் பரீட்சைல ஏ2ங்கற ஆரம்ப லெவல் பாஸ் பண்ணணும், அதோட ஸ்பெயின் அரசியல், கலாச்சாரம் பத்தின சி.சி.எஸ்.இ. பரீட்சை (25 கேள்வில 15 சரியா இருக்கணும்). டெலேவ நடத்துறது செர்வாந்தெஸ் நிறுவனம், டெல்லிலயும் அவங்க சென்டர் இருக்கு. ஒரு தடவை வாங்குன டெலே சர்டிஃபிகேட் காலாவதி ஆகாது.

ஹூஸ்டன் நர்ஸக்கா

மேல சொன்ன கணக்கு சரிதான், ஆனா அது இங்கிலீஷ்காரங்களுக்குன்னு சொன்னாங்க பாருங்க, அங்கதான் நான் ஒண்ணு சொல்லணும். தமிழ் ஆளுங்க ஸ்பானிஷ இங்கிலீஷ் வழியா படிக்கிறத நிறுத்துங்க. இத நான் யார்கிட்ட வேணாலும் சொல்வேன்.

எங்க வார்டுல பாதிப் பேர் ஸ்பானிஷ் பேசுறவங்க. ராத்திரி ட்யூட்டில ஒரு பாட்டி என் கையப் பிடிச்சுட்டு "மே துவேலே லா கபேசா"ன்னாங்க. எனக்கு தலை வலிக்குது. நம்ம சொல்ற மாதிரியேதான், "நான் வலிக்கிறேன்"னு இல்ல. காபி பிடிக்கும்னு சொல்லவும் அப்படியே, "மே குஸ்தா எல் கஃபே", எனக்குப் பிடிக்கும். என்கூட கிளாஸ்ல இருந்த அமெரிக்கப் பொண்ணுங்க இதுக்குத் தலையப் பிச்சுக்கிட்டாங்க, இங்கிலீஷ்ல நான் காபிய விரும்புறேன்னு போகுமில்ல, அவங்களுக்கு எல்லாம் தலைகீழாத் தெரியும். நானும் மனசுல இங்கிலீஷாக்கி அப்புறம் ஸ்பானிஷாக்கிட்டு இருந்தேன், அந்தப் பாட்டிகிட்டப் பேசினதுல இருந்து நேரா தமிழ்ல இருந்தே போறேன், பேசுற வேகமே மாறிருச்சு.

இன்னும் இருக்கு. "ஆப்லோ"ன்னா பேசுறேன், "ஆப்லாமோஸ்"னா பேசுறோம், நான் நாங்கன்னு தனியா சொல்லத் தேவையில்ல, வினை வாலுலயே ஆள் தெரியுது. வயசானவங்களுக்கு "உஸ்தெத்", நம்ம நீங்க. சின்னப் பசங்களுக்கு "தூ", நீ. எங்க மரியாதை குடுக்கணும்னு நமக்கு யாரும் சொல்லித் தரவே வேணாம். உச்சரிப்புல, உயிரெழுத்து அஞ்சே அஞ்சு, எழுதுன மாதிரியே படிக்கணும். நாயைச் சொல்ற "பெர்ரோ"ல நாக்கு உருளணும், நான் நாகர்கோவில், எங்க ஊர்ல ற-வ அழுத்திச் சொல்றவங்க அதிகம், அதனால முதல் நாளே வந்துருச்சு.

கஷ்டம் எங்கன்னா, பொருளுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால். மேசை பெண்பால். அப்புறம் இருக்குறதுக்கு "ஸேர்", "எஸ்தார்"னு ரெண்டு, இறந்த காலம் ரெண்டு விதம், அப்புறம் ஆசை, சந்தேகம் சொல்ல வர்ற சப்ஜங்க்டிவ்ங்கற வினை வடிவம். இங்க தமிழ் உதவாது, நிறையக் கேட்டுக் கேட்டுத்தான் காது பழகும், டேபிள் போட்டு மனப்பாடம் பண்ணினா பேசும்போது வராது.

ஆஸ்பத்திரில இருக்குறவங்களுக்கு ஒண்ணு, சிகிச்சை விஷயம் விளக்க தகுதி உள்ள மொழிபெயர்ப்பாளரத்தான் கூப்பிடணும். நம்ம ஸ்பானிஷ் ஆறுதல் சொல்ல, தண்ணி வேணுமான்னு கேக்க.

ஆன்டிகுவா ரிட்டர்ன்

சீக்கிரம்னா காசும் லீவும் இருந்தா குவாத்தமாலா போங்க ப்ரோ. ஆன்டிகுவா ஊர்ல தெருவுக்குத் தெரு ஸ்பானிஷ் ஸ்கூல், ஒரு டீச்சருக்கு ஒரே ஸ்டூடன்ட், காலைல நாலஞ்சு மணி நேரம் உக்காந்து பேசிட்டே இருக்கணும், வாய மூடிட்டு பின் பெஞ்சுல ஒளிய இடமே கிடையாது. தங்குறது ஒரு குடும்பத்தோட வீட்ல. அந்த ஊர்ப் பேச்சு நிதானமா தெளிவா இருக்கும், ஆரம்பிக்கிறவங்களுக்கு அதுதான் வசதி.

ஸ்கூல விட அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைலதான் நான் அதிகம் கத்துக்கிட்டேன்னு சொல்வேன். சாப்பிட்டு எந்திரிக்கும்போது "முச்சாஸ் கிராசியாஸ்"னு பொதுவா சொல்லணும், மத்தவங்க எல்லாரும் "புவேன் ப்ரோவேச்சோ"ன்னு பதில் சொல்வாங்க. முதல் நாள் நான் சும்மா எந்திரிச்சேன், அந்த வீட்டுக் குட்டிப் பையன் கையப் பிடிச்சு திரும்ப உக்கார வச்சு சொல்ல வச்சான். கடைசி வாரம் அந்த மேசைல எலெக்ஷன் பத்தி அவங்க சண்டை போட்டப்ப முக்கால்வாசி புரிஞ்சது.

ஆனா போறதுக்கு முன்னாடி ஊர்லயே ஒரு அடித்தளம் போட்டுட்டுப் போனேன், அது ரொம்ப முக்கியம். லாங்குவேஜ் ட்ரான்ஸ்ஃபர்னு ஃப்ரீ ஆடியோ பாடம் 90 இருக்கு, மனப்பாடம் இல்லாம வாக்கியத்த நீங்களே யோசிச்சுக் கட்ட வைப்பாங்க. முடிச்சுட்டு ட்ரீமிங் ஸ்பானிஷ் வீடியோ, ஆரம்ப லெவல்ல படம் வரைஞ்சு கை காட்டி மெதுவா பேசுவாங்க, அவங்களே 1500 மணி நேரம் கேக்கச் சொல்றாங்க, அவ்ளோ நமக்குத் தேவையா இல்லையாங்கறது வேற, ஆனா புரியுற லெவல்ல கேக்குறதுதான் வழிங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல. கோவை ப்ரோவுக்கு வீடியோ பிடிபடாததுக்கு காரணம் இதுதான், ஆப்ல எழுத்தப் பாத்து பதில் அமுக்குறோம், காதுக்கு வேலையே குடுக்கல.

கோவை மெக்கானிக்கல்

எல்லாருக்கும் நன்றி. அக்கா, "எனக்கு வலிக்குது" விஷயம் இவ்ளோ நாள் யாருமே சொல்லல. மாட்ரிட்ல பேசுறதும் மெக்சிகோல பேசுறதும் வேற வேறன்னு சொல்றாங்களே, நான் எதப் படிக்கட்டும்?

ஹூஸ்டன் நர்ஸக்கா

மெக்சிகோ படிங்க தம்பி. ஸ்பெயின்ல ஃப்ரெண்ட்ஸ் கும்பலக் கூப்பிட "வோசோத்ரோஸ்"னு ஒண்ணு வச்சிருக்காங்க, மெக்சிகோல அது கிடையாது, எல்லாருக்கும் "உஸ்தேதெஸ்"தான், அதனால ஒரு வரிசை வினை வடிவம் உங்களுக்கு மிச்சம். நீங்க சொன்னது அவங்களுக்குக் கேக்கலன்னா "மாந்தே?"ம்பாங்க, எங்க மெக்சிகோ பேஷன்ட்ஸ் வாயில அதுதான் வரும். ப்ளான்ட்ல முதல்ல வேண்டியது நம்பர், டைம், டூல் பேரு. நம்பர எழுதிப் படிக்காதீங்க, யாரையாவது வேகமா சொல்ல வச்சு கேட்டு எழுதுங்க, 60க்கும் 70க்கும் "ஸெஸென்தா", "ஸெதென்தா"ன்னு வரும், அளவு சொல்ற இடத்துல அது மாறிருச்சுன்னா வேலையே கெட்டுரும்.