மறு: ஆயுத இயக்கங்கள் கொள்கை ஆவணத்தை மாற்றி எழுதுவது – சொல் தேவை

கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

குப்பம் ஐயா சொன்ன ‘ஏற்புத் திருத்தம்’, மூணாறு அம்மா சொன்ன ‘மிதவாதமாதல்’, சென்னை நண்பர் சொன்ன ‘முகமூடி மாற்றம்’ மூன்றையும் எழுதிவைத்துக்கொண்டு யோசித்தேன். உலக நாடுகள் தன்னையும் ஒரு தரப்பாக மதிக்க வேண்டும் என்பதற்காக ஆயுதமேந்திய ஓர் இயக்கம் தன் அரசியல் ஆவணத்தை மாற்றி எழுதுகிறதே, அந்தச் செயலுக்குத்தான் பெயர் தேடுகிறோம். அது மனம் திருந்திச் செய்ததா, ஊரை ஏமாற்றச் செய்ததா என்ற தீர்ப்பைச் சொல்லுக்குள்ளேயே திணித்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

சித்தூர் தாலுகாவில் (பாலக்காட்டுச் சித்தூர், குப்பம் ஐயாவின் பக்கத்துச் சித்தூர் அல்ல) பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்காக அரசியல் அறிவியல் குறிப்புகள் எழுதி வருகிறேன். கொள்கை ஆவணத்துக்கு அவர்கள் அங்கே கேட்கும் மலையாளச் சொல் ‘நயரேகை’. மலையாளத்தில் நயம் என்றால் கொள்கை. நம் பிள்ளைக்கு நயம் என்றால் செய்யுள் நயம், ரேகை என்றால் கைரேகை. இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் ‘ஹமாஸ் 1967 எல்லையை ஏற்றுக்கொண்டதா இல்லையா சார்?’ என்று கேட்கிறார்கள். 2023 அக்டோபருக்குப் பிறகு கேரளத்தில் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை.

அந்தக் கேள்வியிலிருந்தே வருகிறேன். பாலஸ்தீனத்தின் ஆயுதமேந்திய இஸ்லாமிய இயக்கமான ஹமாஸின் சாசனம் 1988இல் வந்தது. 2006 பாலஸ்தீன நாடாளுமன்றத் தேர்தலில் 132 இடங்களில் 74ஐ வென்றபோது, வன்முறையைக் கைவிடு, இஸ்ரேலை அங்கீகரி, பழைய ஒப்பந்தங்களை ஏற்றுக்கொள் என்று ஐ.நா., அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம், ரஷ்யா நான்கும் சேர்ந்து நிபந்தனை வைத்தன. 2017 மே 1 அன்று தோகாவில் ஹமாஸ் தலைவர் காலித் மிஷால் புதிய ஆவணத்தை வெளியிட்டார், 42 பத்திகள். பகை யூதர்களோடு அல்ல, சியோனியத்தோடு (பாலஸ்தீனத்தில் யூதருக்குத் தனி நாடு கோரிய இயக்கம்) என்றது. தன் தாய் அமைப்பான முஸ்லிம் சகோதரத்துவ அமைப்போடு இருந்த உறவைப் பற்றிப் பேசவே இல்லை. 20ஆம் பத்தியில் 1967 ஜூன் 4 எல்லைக்குள் (அந்த ஆண்டுப் போரில் இஸ்ரேல் மேற்குக் கரையையும் காஸாவையும் பிடிப்பதற்கு முந்தைய எல்லை) ஒரு பாலஸ்தீன அரசு என்பதைத் தேசியக் கருத்தொற்றுமையின் சூத்திரமாக ஏற்றது. அதே பத்தியில், யோர்தான் ஆற்றிலிருந்து மத்தியதரைக் கடல்வரை உள்ள எந்தப் பகுதியையும் விட்டுத்தர முடியாது என்றும் எழுதியது. 1988 சாசனத்தை ரத்துசெய்யவும் இல்லை. அப்போதைய இஸ்ரேல் பிரதமர் பெஞ்சமின் நெதன்யாகு அந்த ஆவணத்தைக் குப்பைக்கூடையில் போடும் காணொளியை வெளியிட்டார்.

இதைத் ‘திருத்தம்’ என்று எப்படிச் சொல்வது, ஐயா? திருத்தம் என்றால் மூலத்தில் கை வைத்திருக்க வேண்டும். இங்கே மூலம் அப்படியே கிடக்க, பக்கத்தில் இன்னொன்றை வைத்தார்கள். அதோடு, திருத்து என்றதும் திருந்து என்பதும் கூடவே காதில் விழுகிறது. ‘முகமூடி’ என்பது எதிர்ப்பக்கத்துத் தீர்ப்பு. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேல்மீது நடத்திய தாக்குதலுக்குப் பிறகு அந்தத் தீர்ப்பை நோக்கிப் பலர் போனதற்குக் காரணம் புரிகிறது. அதை மாணவன் வாதாடி அடையட்டும், கலைச்சொல்லே அவன் கையில் கொடுத்துவிட வேண்டாம்.

> கொள்கையைத் தளர்த்துவதுதானே? மிதவாதமாதல் என்றால் போதாதா?

அம்மா, போதாது. கிழக்குத் திமோரைப் பாருங்கள். இந்தோனேசிய ஆக்கிரமிப்பை எதிர்த்த ஃப்ரெட்டிலின் கட்சி 1977இல் மார்க்சிய லெனினியத்தை வரித்துக்கொண்டது. பனிப்போர் நடந்த காலம். திமோர் மக்களோ பெரும்பாலும் கத்தோலிக்கராகிக்கொண்டிருந்தார்கள். எண்பதுகளில் அந்தக் கோட்பாட்டைக் கைவிட்டார்கள். 1987இல் போராட்டத் தலைவர் ஷனானா குஸ்மாவோ கட்சியை விட்டே விலகி, அதன் ஆயுதப் பிரிவான ஃபலிந்தில் படையைக் கட்சி சாராத படையாக அறிவித்தார். 1998இல் போர்த்துக்கல்லின் பெனிஷேயில் எல்லாத் தரப்பும் ஒரே குடைக்குள் வந்தன. இத்தனை மாற்றத்திலும் முழு விடுதலை என்ற இலக்கு துளியும் தளரவில்லை. 1999 வாக்கெடுப்பில் 78.5 விழுக்காட்டினர் அதற்கே வழிவிட்டார்கள். ஆவணம் மாறியது, நண்பர்கள் பெருகினார்கள். இதில் மிதவாதம் எங்கே?

பாலஸ்தீன விடுதலை அமைப்பின் கதையைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல வேண்டும். என் சொல்லே அங்கிருந்துதான் கிடைத்தது. 1974 ஜூனில் பத்து அம்சத் திட்டம்: விடுவிக்கப்படும் எந்தத் துண்டு நிலத்திலும் ஓர் ஆட்சியை நிறுவலாம். அதே ஆண்டு நவம்பரில் அமைப்பின் தலைவர் யாசர் அரஃபாத் ஐ.நா. பொது அவையில் பேசினார். பார்வையாளர் தகுதி கிடைத்தது. 1988 நவம்பரில் அல்ஜியர்ஸில் பாலஸ்தீன அரசுப் பிரகடனம். டிசம்பரில் மறுபடி பொது அவையில் பேச வேண்டும், அமெரிக்கா விசா தரவில்லை. அவையே நியூயார்க்கிலிருந்து ஜெனீவாவுக்கு இடம்பெயர்ந்து அவர் பேச்சைக் கேட்டது! அங்கே டிசம்பர் 13 அன்று பயங்கரவாதத்தைக் ‘கண்டிக்கிறேன்’ என்றார். அமெரிக்காவுக்கு அது போதவில்லை. மறுநாள் செய்தியாளர் கூட்டத்தில் ‘கைவிடுகிறோம்’ என்ற பிறகே பேச்சுவார்த்தைக் கதவு திறந்தது. 1989இல் பாரிஸில், தன் அமைப்பின் பழைய சாசனம் ‘கடூக்’, அதாவது காலாவதி என்று பிரெஞ்சிலேயே சொன்னார். ஆனாலும் சாசனத்தில் கை வைக்கும் வாக்கெடுப்பு 1996 ஏப்ரலில்தான் காஸாவில் நடந்தது: ஆதரவு 504, எதிர்ப்பு 54. 1998இல் பில் கிளிண்டன் முன்னிலையில் மறுபடி கை உயர்த்தினார்கள்.

ஒவ்வொரு படியிலும் சொற்களைத் தேர்ந்தது எதிரே அமர்ந்திருந்த அவையைப் பார்த்துத்தான். வள்ளுவர் அவையறிதல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். நம் புலவர்கள் அவையடக்கம் பாடித்தான் நூலைத் தொடங்கினார்கள். அவையின் குணம் அறிந்து சொல்லை அமைப்பது என்ற பொருள் தமிழில் தயாராக இருக்கும்போது வேறெங்கே தேட வேண்டும்?

முதலில் ‘அவையேற்பு மறுவரைவு’ என்று எழுதினேன். ஏற்பு என்றால் அவை ஏற்றுக்கொண்டுவிட்டதாகிவிடும். 2017 ஆவணத்துக்கு அது நடக்கவில்லை. ‘ஏற்புநாடு மறுவரைவு’ என்றால் ஏதோ ஒரு நாட்டின் பெயராக ஒலிக்கிறது. ஆகவே என் முன்மொழிவு: அவைநோக்கு மறுவரைவு. பழையதை நீக்கினாலும் நீக்காவிட்டாலும், வெற்றி பெற்றாலும் தோற்றாலும் பொருந்தும். ‘தொகுதி மறுவரையறை’யோடு குழம்பாதா என்று யாராவது கேட்பீர்கள்: அது எல்லைக் கோட்டைப் பற்றியது, இது எழுதிய வரைவைப் பற்றியது, வாக்கியத்தில் பிரிந்தே நிற்கும்.

எதற்குப் பொருந்தாது என்பதும் முக்கியம். 2002 டிசம்பரில் ஓஸ்லோவில், ஒன்றுபட்ட இலங்கைக்குள் கூட்டாட்சி அடிப்படையிலான தீர்வை ஆராய இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் உடன்பட்டன. நம்மில் பலருக்கு அது நெஞ்சில் வலிக்கும் ஆண்டு. ஆனால் அது பேச்சு மேசையில் எடுத்த நிலைப்பாடு. இயக்கம் தன் அடிப்படை ஆவணத்தை மாற்றி எழுதியதல்ல. அதை ‘பேச்சுநிலை’ என்றே தனியாக வைக்கலாம்.

அன்புடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து

---

அன்புத் தம்பிக்கு,

திருத்தம் பற்றி நீங்கள் சொன்னது சரி. என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். 2004 அக்டோபரில் ஹைதராபாத்தில் ஆந்திர அரசோடு நக்சலைட் தலைவர்கள் பேச வந்தார்கள். அவர்கள் பார்வை ஐ.நா. பக்கம் இல்லை, உள்ளூர் மக்களும் பத்திரிகைகளும்தான் அவர்களின் அவை. அவை என்று பொதுவாகச் சொன்னால் அதுவும் உள்ளே வந்துவிடும். விளக்கத்தில் ‘அயல் அரசுகள், பன்னாட்டு அமைப்புகள்’ என்று கட்டாயம் சேருங்கள்.

வினையாக எழுதும்போது ‘அவைநோக்கி மறுவரைந்தது’ என்று வரும். சொல்லிப் பார்த்தேன், நாக்கில் தடையில்லை.

குப்பத்திலிருந்து

---

ஐயா, சேர்த்துவிட்டேன். பட்டியலுக்குப் போகும் வரி:

அவைநோக்கு மறுவரைவு: ஆயுதமேந்திய இயக்கம் ஒன்று, அயல் அரசுகளும் பன்னாட்டு அமைப்புகளும் தன்னை முறையான அரசியல் தரப்பாக ஏற்க வேண்டும் என்ற நோக்கில், தன் சாசனத்தையோ கொள்கை ஆவணத்தையோ மாற்றியோ புதிதாகவோ எழுதுதல், பழைய ஆவணம் நீக்கப்படாமலும் இருக்கலாம்.

மூணாறு அம்மாவின் மறுமொழிக்குப் பிறகு ஏற்றலாம்.