சப்மரீன்ல ஆபரேஷன், மெடல் 62 வருஷம் கழிச்சு

எல்லாருக்கும் வணக்கம். நம்ம கம்பவுண்டர் தாத்தாவுக்கு தை மாச விழாவுல ஷீல்டு குடுக்கலாம்னு மெயில் வந்தப்ப, "அவரென்ன டாக்டரா"ன்னு சித்தப்பா கேட்டிருந்தீங்கல்ல, அதுக்குத்தான் இந்த பதில். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

வீலர் லைப்ஸ்னு ஒருத்தர், அமெரிக்க நேவியில ஃபார்மசிஸ்ட்ஸ் மேட், நம்ம ஊர் கணக்குல கம்பவுண்டர்னு வச்சுக்கலாம். ரெண்டாம் உலகப் போர் சமயம் சீட்ராகன்ங்கிற சப்மரீன்ல வேலை. சப்மரீன்ல டாக்டரெல்லாம் கிடையாது, தலவலியோ வெட்டுக்காயமோ எல்லாம் இவர் தலையிலதான்.

1942 செப்டம்பர் 11, தென்சீனக் கடல். டேரல் ரெக்டர்னு 19 வயசுப் பையனுக்கு வயித்துவலி, பாத்தா அப்பெண்டிக்ஸ். சுத்தி எதிரி கடல், கரைக்கு எங்க கொண்டுபோறது? உன்னால முடியுமான்னு கேப்டன் கேக்குறாரு. லைப்ஸ் ஆபரேஷன பக்கத்துல நின்னு பாத்திருக்காரே ஒழிய தானா கத்தி வச்சதில்ல, ஆனா விட்டா பையன் போயிடுவான், அதனால சரின்னுட்டாரு. 120 அடி ஆழத்துக்கு எறக்கி ஆடாம வச்சுக்கிட்டு, ஆபீசருங்க சாப்பிடற மேஜையிலயே படுக்கப்போட்டு ஆரம்பிச்சாச்சு. சாமான்னு ஒண்ணும் கிடையாது. கிழிச்ச எடத்த விலக்கிப் பிடிக்க சாப்பாட்டு ஸ்பூன வளைச்சுக்கிட்டாங்க, டீ வடிகட்டியில துணியச் சுத்தி அது வழியா ஈதர்ங்கிற மயக்க மருந்து, கத்திக்குப் பிடி இல்லாம வெறும் பிளேட இடுக்கியில மாட்டி அறுத்திருக்காரு, சுத்தம் பண்ண டார்பிடோவுக்கு (தண்ணிக்குள்ளயே போய் கப்பல அடிக்கிற குண்டு) வச்சிருந்த ஆல்கஹால்! கிட்டத்தட்ட ரெண்டரை மணி நேரம். பையன் 13 நாள்ல டியூட்டிக்குத் திரும்பிட்டான்.

ஜார்ஜ் வெல்லர்ங்கிற நிருபர் இத பேப்பர்ல எழுதி 1943ல புலிட்சர் பரிசே (அமெரிக்காவுல பத்திரிகைக்காரங்களுக்குக் குடுக்கற பெரிய பரிசு) வாங்கிட்டாரு. கத்தி பிடிச்சவருக்கு? மேல இருந்த நேவி டாக்டருங்களுக்கு ஒரே கடுப்பு, கோர்ட் மார்ஷல், அதாவது ராணுவ கோர்ட்டுல நிறுத்தற வரைக்கும் பேச்சு அடிபட்டுதாம். எனக்கென்னவோ பயம்தான் காரணம்னு தோணுது, இவரப் பாத்து எல்லா சப்மரீன்லயும் கத்திய எடுத்துட்டா என்ன பண்றதுன்னு. அது நியாயமான பயம்தான், ஆனா மெடல் குடுக்காததுக்கு அது ஒரு காரணமா? பாவம் ரெக்டர், 1944 அக்டோபர்ல டேங்ங்கிற சப்மரீன்ல இருந்தான், அது விட்ட டார்பிடோ சுத்தித் திரும்பி அதுமேலயே அடிச்சு, அதோட போயிட்டான்.

லைப்ஸுக்கு நேவி கமெண்டேஷன் மெடல் குடுத்தது 2005 பிப்ரவரில. ஏப்ரல்ல ஆள் காலி.

சித்தப்பா, நீங்க கேட்டதுக்குத்தான் இவ்ளோ எழுதினேன். ட்ரெஷரர் அண்ணே, தாத்தா ஷீல்டுக்கு என் பங்கு இந்த வாரமே போட்டுடறேன், அக்கவுண்ட் நம்பர் பழசுதானே?