உதவி தேவை: எம்பியு4 போர்டு உள்ள பழைய ஃப்ரூட் மெஷின் – ட்யூப்லைட் எரிகிறது, ரீல்கள் அசையவில்லை

லெஸ்டர்வாசி:
வணக்கம். 1990ஐ ஒட்டிய காலத்து ஃப்ரூட் மெஷின் (காசு போட்டு ஆடும் பிரிட்டிஷ் சூதாட்ட மெஷின்) ஒன்று என்னிடம் வந்திருக்கிறது, பார்கிரெஸ்ட் நிறுவனம் செய்தது. மூடப்பட்ட ஒரு தொழிலாளர் கிளப்பின் பின்னறையில் நெடுங்காலம் கிடந்தது. மூன்று ரீல் (பழப் படங்களோடு சுற்றும் உருளைகள்), மேலே ஏறிச்செல்லும் பரிசுப் பாதை, உச்சப் பரிசு 4.80 பவுண்ட், அதுவும் டோக்கனாக. மின்சாரம் கொடுத்தால் கண்ணாடிக்குப் பின்னால் ட்யூப்லைட் எரிகிறது. ரீல்கள் அசைவதில்லை, சிறு பல்புகள் எரிவதில்லை, எழுத்துத் திரையும் இருட்டாகவே இருக்கிறது. மெஷினை இயக்கும் எம்பியு4 என்னும் மின்னணு போர்டின் பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறது. வேறொரு எம்பியு4 போர்டு விலைக்கு வந்திருக்கிறது. அதை வாங்கி மாற்றினால் போதுமா? ஆம்ப்ளிஃபயர்களைப் பழுது பார்த்த பழக்கம் உண்டு, அலைகாட்டி கிடையாது, மல்டிமீட்டர் மட்டும்தான்.

ஈயக்கம்பி:
நண்பரே, ட்யூப்லைட் எரிவதால் போர்டைப் பற்றி எதுவும் தெரியாது. அது நேரடியாக வீட்டு மின்சாரத்தில் ஓடுகிறது. ப்ளக்கைக் கழற்றிவிட்டுப் போர்டை வெளியே எடுங்கள். இன்றைக்கே அந்தப் பேட்டரியை வெட்டி எறியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம். கசிந்திருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதும் அது செம்பைத் தின்றுகொண்டுதான் இருக்கும். இந்த வகைப் போர்டுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் சாகின்றன. போர்டைச் செய்தவர்களைக் குறை சொல்ல முடியாது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் யாராவது இதை இயக்குவார்கள் என்று அன்று எவரும் எண்ணியிருக்க மாட்டார்கள்.

கசிவு காரத்தன்மை உடையது. சமையல் சோடா போட்டுக் கழுவச் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது கார் பேட்டரி அமிலத்துக்கான மருந்து. இங்கே வேண்டியது வெள்ளை வினிகர். பழைய பல்துலக்கியால் தேயுங்கள், காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள், கடைசியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் பூசி நன்றாகக் காயவிடுங்கள். கையுறை அவசியம்.

போர்டு மாற்றுவது பற்றி: வாங்கலாம், ஆனால் பெரிய போர்டின் மேல் செருகியிருக்கும் சிறிய அட்டையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கைவிடாதீர்கள். ஆட்டத்தின் நிரல் அதில்தான் இருக்கிறது. கேரக்டரைசர் என்னும் பாதுகாப்புச் சிப்பும் அதில்தான். நிரல் அவ்வப்போது அந்தச் சிப்பிடம் கேள்வி கேட்கும். வேறு ஆட்டத்தின் சிப் இருந்தால் பதில் பொருந்தாது. மெஷின் மறுக்கும், அல்லது பல்புகள் இடம் மாறி எரியும். எம்பியு4 போர்டு இன்னொன்று கிடைக்கும். உங்கள் ஆட்டத்தின் அட்டை கிடைப்பது சிரமம்.

லெஸ்டர்வாசி:
மிக்க நன்றி ஐயா. பேட்டரியை வெட்டி, வினிகரில் கழுவிவிட்டேன். அழுக்கு போனதும் கீழே சில செம்புத் தடங்கள் கறுத்திருப்பது தெரிகிறது. இரண்டு சாக்கெட்டுகளின் கால்களில் பச்சை. பேட்டரி இல்லாமல் மின்சாரம் கொடுத்தேன், நிலைமை அப்படியேதான். அடுத்து எங்கே அளக்க வேண்டும்?

ஈயக்கம்பி:
பேட்டரி இல்லாமலும் போர்டு எழ வேண்டும். நினைவு மட்டும்தான் நிற்காது. மூளை மோட்டரோலா 6809, நாற்பது கால் சிப். முதல் காலுக்கும் ஏழாம் காலுக்கும் இடையே 5 வோல்ட் இருக்கிறதா பாருங்கள். 4.75க்குக் கீழே போனால் மின்வழங்கியைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். 37ஆம் கால் ரீசெட்: இயக்கியதும் கணநேரம் கீழே இருந்துவிட்டு 5 வோல்ட்டுக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். 34ஆம் கால் கடிகாரம். அலைகாட்டி இல்லாவிட்டால் மல்டிமீட்டரை டிசியில் வையுங்கள். ஏறக்குறைய இரண்டரை வோல்ட் காட்டினால் துடிக்கிறது என்று கொள்ளலாம். 0 அல்லது 5 என்று உறைந்து நின்றால் கடிகாரம் இல்லை.

இவை சரியாக இருந்தால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் தடங்களைத் தொடர்ச்சிச் சோதனை செய்யுங்கள். 6809இன் 8 முதல் 23 வரை முகவரிக் கால்கள், 24 முதல் 31 வரை தரவுக் கால்கள். தரவுக் கால்கள் ஒவ்வொன்றும் நினைவகச் சிப்புக்கும், ரீல் பல்புகளோடு பேசும் 6821 சிப்புகளுக்கும் போய்ச் சேர வேண்டும். முகவரிக் கால்களில் சில மட்டுமே 6821களுக்குப் போகும். ஒலி கேட்டு உறுதி செய்யுங்கள். சாக்கெட்டின் தகட்டில் வைத்துப் பார்க்காதீர்கள், சிப்பின் காலிலேயே முனையை வையுங்கள். தடம் நன்றாக இருந்து சாக்கெட் உள்ளே அரித்திருப்பது அடிக்கடி நடக்கும்.

ரோம்காப்பு:
இடையில் ஒரு வேண்டுகோள். பழுது முடியும்வரை காத்திராமல் அந்தச் சிறிய அட்டையில் உள்ள ஈப்ராம்களை (நிரல் பதிந்த நினைவகச் சிப்புகள்) படித்துக் கோப்பாகச் சேமித்துவிடுங்கள். மலிவான யுஎஸ்பி கருவியே போதும். மேலே ஒட்டியிருக்கும் தாளைப் பிரிக்க வேண்டாம். அதன் அடியில் இருக்கும் சன்னல் வழியே புற ஊதா ஒளி பட்டால் நிரல் அழியும், தாளில் எழுதியிருக்கும் பதிப்பு எண்ணும் முக்கியம். இரண்டு முறை படித்து ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கால்களைச் சுத்தம் செய்து மறுபடியும் படியுங்கள். இதே ஆட்டத்தின் வேறு பதிப்பு ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கலாம், ஆனால் பரிசுத் தொகை மாறும்போதெல்லாம் நிரலும் மாறியது. உங்களிடம் இருப்பது 4.80 டோக்கன் பதிப்பு என்றால் நான் அதைப் பார்க்க மிகவும் ஆசைப்படுகிறேன்.

கண்ணாடியையும் படம் எடுத்து வையுங்கள். ஓவியம் பின்பக்கத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்தைத் துடைத்தால் வண்ணம் பொருக்காக உதிர்ந்துவிடும். எமுலேட்டரில், அதாவது பழைய மெஷினைக் கணினியில் நடித்துக் காட்டும் மென்பொருளில், இந்த மெஷின்களை உயிர்ப்பிக்க நிரல் பாதி வேலை மட்டுமே. எந்தப் பல்பு எந்த எழுத்துக்குப் பின்னால் எரிகிறது, ரீல் பட்டையில் எந்தப் பழத்துக்கு அடுத்து எந்தப் பழம் என்பதெல்லாம் எந்தச் சிப்பிலும் ஓவியமாக இல்லை. எம்எஃப்எம்இ எமுலேட்டருக்கு ஆர்வலர்கள் கண்ணாடியையும் ரீல் பட்டைகளையும் படமெடுத்து, பல்பு பல்பாக இடம் குறித்துத்தான் ஒவ்வொரு மெஷினையும் திரைக்குக் கொண்டுவந்தார்கள். மாமே எமுலேட்டரிலும் எம்பியு4 இயங்குகிறது, ஆனால் ஓவியம் இல்லாத ஆட்டம் வெறும் எண்ணிட்ட விளக்குகளாகத் தெரியும். கண்ணாடி உடைந்துபோன மெஷினை எந்த நிரலும் திருப்பித் தராது.

பழையமெக்கானிக்:
அந்நாளில் மான்செஸ்டர் பக்கத்துப் பப்களில் இவற்றுக்குப் பராமரிப்பு பார்த்தவன் நான். பேட்டரி எதைக் காத்தது என்று சொல்கிறேன். இந்த வகைப் பிரிட்டிஷ் மெஷின் வெறும் தற்செயலில் ஆடுவதில்லை. வாங்கிய காசில் எத்தனை சதவீதத்தைப் பரிசாகத் திருப்பித் தர வேண்டும் என்பது, 78 என்பதுபோல, உள்ளே செருகும் சாவியால் குறிக்கப்பட்டிருக்கும். வாங்கியது எவ்வளவு, கொடுத்தது எவ்வளவு என்று கணக்கு வைத்து, அதை நோக்கியே மெஷின் தன்னைத் திருத்திக்கொள்ளும். அந்தக் கணக்குதான் பேட்டரியின் துணையில் நின்றது. மணிக்கணக்காக ஒருவர் காசைப் போட்டுவிட்டு எழுந்து போனதும் அடுத்தவர் வந்து உட்கார்வதற்குக் காரணம் இதுதான். வாரச் சம்பளத்தை உறையோடு கொண்டுவந்து இழந்தவர்களைக் கண்ணால் கண்டிருக்கிறேன். வீட்டில் வைத்து ரசியுங்கள், வேறெதற்கும் வேண்டாம்.

நாணயம் பற்றி ஒன்று. 1992இல் 10 பென்ஸ் நாணயம் 28.5 மில்லிமீட்டரிலிருந்து 24.5 ஆகச் சுருங்கியது. வட்டமான பழைய 1 பவுண்ட் 2017 அக்டோபரில் செல்லாததாயிற்று. உங்கள் மெஷின் 1992க்குப் பிறகு மாற்றப்பட்டதா என்பது நாணயக் குழாயின் அகலத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். மாற்றப்படாதது என்றால் பெரிய 10 பென்ஸைச் சேகரிப்பாளர்களிடம் வாங்குங்கள், குழாயை அறுக்காதீர்கள்.

லெஸ்டர்வாசி:
எழுந்துவிட்டது! 5 வோல்ட் சரி, ரீசெட் சரி, கடிகாரக் காலில் 2.4. முகவரித் தடம் ஒன்று ஒரு 6821க்குப் போகும் வழியில் அறுந்திருந்தது. மெல்லிய உறையிட்ட கம்பியால் இணைத்தேன், இரண்டு சாக்கெட்டுகளையும் மாற்றினேன். திரையில் எழுத்து வருகிறது, முதல் இரண்டு ரீல்களும் தம் இடத்தைக் கண்டுபிடித்து நிற்கின்றன. மூன்றாவது சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுப் பழுது என்று அறிவிக்கிறது. ஈப்ராம்களை இருமுறை படித்தேன், இரண்டும் ஒன்றாக வந்தன. ரோம்காப்பு நண்பருக்குத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். பேட்டரி இடத்தில் லித்தியம் நாணயப் பேட்டரி வைக்கலாமா?

ஈயக்கம்பி:
அருமை! லித்தியத்தை அப்படியே வைக்காதீர்கள். போர்டு அதைச் சார்ஜ் செய்ய முயலும், அது ஆபத்து. வைத்தே ஆக வேண்டுமென்றால் சார்ஜைத் தடுக்கும் டயோடு வேண்டும். மூன்று செல் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு நல்லது. நீண்ட கம்பியில் இணைத்து, போர்டுக்கு வெளியே, அதற்குக் கீழே பெட்டியின் அடியில் பொருத்துங்கள்.

மூன்றாம் ரீலில் மோட்டார் சுற்றுகிறது என்றால் அது நல்லபடியாக இருக்கிறது, இடம் தெரியாமல்தான் அலைகிறது. ரீலின் ஓரத்தில் ஒரு சிறிய நாக்கு ஒவ்வொரு சுற்றிலும் ஒளிக்கதிர் உணரியின் பிளவைக் கடக்க வேண்டும். பிளவில் தூசி இருக்கும், அல்லது நாக்கு உடைந்திருக்கும். தூரிகையால் துடைத்துப் பாருங்கள். சரியாகாவிட்டால் இரண்டாம், மூன்றாம் ரீல்களின் இணைப்பிகளை மாற்றிச் செருகுங்கள். பழுது அதே மூன்றாம் ரீலிலேயே நின்றால் உணரியை மாற்றுங்கள், இரண்டாம் ரீலுக்குத் தாவினால் போர்டில் அந்த உள்ளீட்டுத் தடத்தைத் தேடுங்கள்.

லெஸ்டர்வாசி:
நாக்கு முழுதாக இருக்கிறது. பிளவுக்குள் புகையிலைத் தார் படிந்து பழுப்பாக இருந்தது. ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்தேன். மூன்று ரீலும் நிற்கின்றன. கண்ணாடியை வாரக் கடைசியில் படம் எடுத்து அனுப்புகிறேன்.

ரோம்காப்பு:
பகலில், சாய்ந்து விழும் வெளிச்சத்தில் எடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். அளவுக்கு ஓர் அடிக்கோலையும் பக்கத்தில் வையுங்கள். ரீல் பட்டைகளைக் கழற்றாமல், ரீலைக் கையால் மெல்லத் திருப்பிப் பகுதி பகுதியாக எடுத்தால் போதும், நான் ஒட்டிக்கொள்கிறேன்.