புதுப்பிப்பு: அம்மாவின் மருத்துவச் செலவை வரியில் கழித்தாயிற்று

அம்மாவுக்கு 71 வயது, மருத்துவக் காப்பீடு இல்லை, நான் கைக்காசு போட்டுச் செய்த செலவை என் வருமான வரிக் கணக்கில் கழிக்கலாமா என்று கேட்டிருந்தேன். கழிக்கலாம். 60 வயதோ அதற்கு மேலோ ஆன, காப்பீடு இல்லாத பெற்றோருக்கு 1961 வருமான வரிச் சட்டத்தின் 80டி பிரிவில் 50,000 ரூபாய் வரை. பழைய வரி முறையில் மட்டும்தான், அதனால் 2024-25 கணக்கை அதிலேயே போட்டேன்.

கண்புரை அறுவைக்கு யுபிஐயில் கட்டிய 38,000 அப்படியே சேர்ந்தது. ஆனால் மருந்துக்கடையில் மாதாமாதம் ரொக்கமாகக் கொடுத்தது சேராது. பிஸ்கட் டப்பா நிறைய பில் வைத்திருந்தேன், மை மங்கிப்போன பில்கூட உண்டு. அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. நோய்த்தடுப்புப் பரிசோதனைக்கு மட்டும் 5,000 வரை ரொக்கமாகவும் கொடுக்கலாம், அதுவும் அந்த 50,000க்குள்தான்.

சரி, இப்போது மாத்திரைக்கும் என் போனிலிருந்தே பணம் அனுப்புகிறேன்.