ஜெராக்ஸ் கடை போனில் நூற்றுக்கணக்கான ஆதார் நகல், எந்த மென்பொருளை நம்பி வேலை செய்யலாம்?

குமுளி ஜெராக்ஸ்:

எல்லோருக்கும் வணக்கம். குமுளியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிரிண்ட், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் கம்பம், கூடலூர் பக்கமிருந்து காலையில் ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்கு வந்து சாயங்காலம் திரும்புகிறவர்கள். ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவார்கள், நான் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். நாலு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது.

போன மாசம் காய் எடுக்கப் போகிற அம்மா ஒருவர் கடைக்கு வந்தார். நம் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று காட்டுகிற அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவர் மகன் பார்த்திருக்கிறான், அவர் பேரில் அவருக்கே தெரியாத மூன்று சிம் ஓடுகிறது. அவர் சண்டைக்கு வரவில்லை. கார்டை மேசையில் வைத்து, "இத நான் வேற யாருட்டயும் குடுத்ததில்ல தாயி, ஒங்கிட்ட மட்டுந்தான்" என்றார். நான் யாருக்கும் கொடுக்கவில்லை, அது சத்தியம். ஆனால் போன் கேலரியைத் திறந்தால் இரண்டு வருஷத்துக்கு முந்தின அவருடைய கார்டு அப்படியே இருக்கிறது, அது தானாகவே கூகுள் போட்டோஸிலும் ஏறியிருக்கிறது, அந்தக் கணக்கின் பாஸ்வேர்டு கடைப் பையனுக்கும் தெரியும், போதாததற்கு மானிட்டர் ஓரத்தில் சீட்டு எழுதி ஒட்டியும் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை.

நீங்கள் சொந்தமாகப் பயன்படுத்துகிற மென்பொருளை மட்டும் சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். என்னிடம் இருப்பது ஒன்பதாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனும் விண்டோஸ் 10 கம்ப்யூட்டரும். மாசாமாசம் பணம் கட்டும்படி எதுவும் வேண்டாம்.

செங்கோட்டை:

அக்கா, அந்த அம்மா நம்பிக் கொடுத்த கார்டுக்காக நீங்கள் இவ்வளவு யோசிப்பதே பெரிய விஷயம். முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். வாட்ஸ்அப் 2016லிருந்தே அனுப்புகிறவருக்கும் பெறுகிறவருக்கும் நடுவில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புகிறது, அந்தப் பூட்டு சிக்னல் என்ற இன்னொரு செயலிக்காரர்கள் உருவாக்கியதுதான். அதனால் ஓட்டை வழியில் இல்லை, வந்து சேர்ந்த பிறகு உங்கள் போனில் இருக்கிறது. வாட்ஸ்அப் அமைப்பில் மீடியா தானாக இறங்குவதை நிறுத்துங்கள். அப்புறம் கேலரியில் காட்டும் தேர்வை அணையுங்கள். அதற்குப் பிறகுதான் 24 மணி நேரத்தில் செய்தி மறைகிற வசதியைப் போட வேண்டும். வரிசையை மாற்றினால் செய்தி மறையும், படம் மட்டும் போனிலேயே தங்கிவிடும். கூகுள் போட்டோஸில் வாட்ஸ்அப் கோப்புறையின் பேக்கப்பையும் நிறுத்துங்கள். பழையதை அழித்தால் அது குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதையும் கையோடு காலி செய்யுங்கள்.

போனிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்ற நான் வைத்திருப்பது லோக்கல்சென்ட். இலவசம், மூல நிரல் வெளிப்படையாகக் கிடைக்கிறது, இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும், கோப்பு இணையத்துக்கே போகாது. வாட்ஸ்அப் வெப்பைக் கடைக் கம்ப்யூட்டரில் நாள் முழுக்கத் திறந்து வைக்காதீர்கள்.

சிக்னலும் நல்ல செயலிதான், 2024லிருந்து போன் நம்பரைக் காட்டாமல் பயனர் பெயரை மட்டும் கொடுத்துப் பேசலாம். வீட்டில் நாங்கள் எல்லோரும் அதில்தான் பேசுகிறோம். ஆனால் உங்கள் வாடிக்கையாளர்களை அதற்கு மாற்ற முடியாது, அந்த முயற்சியில் நேரத்தைக் கழிக்காதீர்கள்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:

தம்பி சொன்னதெல்லாம் சரி. நான் பாஸ்வேர்டு பற்றி மட்டும் சொல்கிறேன். மானிட்டரில் ஒட்டியிருக்கும் சீட்டை இன்றைக்கே கிழித்துவிடம்மா, பாஸ்வேர்டையும் மாற்று.

நான் கீபாஸ் எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு பெட்டகம் வைத்திருக்கிறேன். எல்லாப் பாஸ்வேர்டும் ஒரே கோப்பில் பூட்டியிருக்கும், கோப்பு என் கையில் இருக்கும், யார் சர்வரிலும் இல்லை. 2022இல் பாஸ்வேர்டுகளைத் தன் சர்வரில் பூட்டி வைக்கிற லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகங்களின் நகலையே அள்ளிப் போனார்கள். பூட்டிய நிலையில்தான் போயின, ஆனாலும் பாஸ்வேர்டு பலவீனமாக இருந்தவர்களுக்கு அது ஆபத்துதான். அதைப் படித்த பிறகு நான் மாறினேன். இதில் கஷ்டம் ஒன்று உண்டு. அந்தக் கோப்பு போனால் எல்லாம் போச்சு. நான் இரண்டு பென்டிரைவில் எடுத்து ஒன்றை வீட்டு பீரோவிலும் ஒன்றைத் தங்கை வீட்டிலும் வைத்திருக்கிறேன். அந்த ஒழுங்கு உனக்கு வராது என்று தோன்றினால் பிட்வார்டன் என்ற பாஸ்வேர்டு பெட்டகத்தைப் போட்டுக்கொள், இலவசக் கணக்கே போதும், போனிலும் கம்ப்யூட்டரிலும் ஒன்றாகத் தெரியும்.

அதைத் திறக்க ஒரு பெரிய பாஸ்வேர்டு வேண்டும். பழமொழி, பாட்டு வரி, பிள்ளை பெயர், பிறந்த வருஷம் எதுவும் கூடாது. பகடை உருட்டி வார்த்தை எடுக்கிற முறை ஒன்று இருக்கிறது. ஐந்து முறை உருட்டினால் 7,776 வார்த்தை உள்ள பட்டியலிலிருந்து ஒன்று கிடைக்கும், அப்படி ஆறு வார்த்தை சேர்த்தால் போதும். பட்டியல் ஆங்கிலத்தில் இருக்கும், அதனால் என்ன, எழுதி வைத்து ஒரு வாரம் சொல்லிப் பார்த்தால் மனசில் நின்றுவிடும், பிறகு தாளைக் கிழித்துவிடலாம். வார்த்தையைப் பகடைதான் எடுக்க வேண்டும். நாமாக யோசித்து எடுத்தால் எல்லோருக்கும் தோன்றுவதுதான் நமக்கும் தோன்றும்.

கூகுள் கணக்குக்கு இரண்டாவது பூட்டாக ஏஜிஸ் என்ற செயலியைப் போடு. எல்லை ஊர்களில் டவர் விட்டு விட்டு வரும், ஓடிபி மெசேஜ் வந்து சேர்வதற்குள் நேரம் முடிந்துவிடும். ஏஜிஸ் இணையமே இல்லாமல் போனிலேயே ஆறு இலக்க எண்ணைக் காட்டும், 30 விநாடிக்கு ஒரு முறை மாறும்.

போடிமெட்டு ஜீப்:

நான் டிரைவர், கம்ப்யூட்டர் ஆள் இல்லை. ஆனால் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். கேரளாவில் 2023 ஜூனில் சாலையில் ஏஐ கேமரா வைத்துப் போடுகிற அபராதம் ஆரம்பித்ததிலிருந்து எங்கள் ஆட்களுக்கு எந்நேரமும் அந்தப் பயம்தான். அதைத் தெரிந்துகொண்டு வாட்ஸ்அப்பில் வண்டி நம்பர் போட்டு, செலான் என்று ஒரு ஏபிகே கோப்பு, அதாவது ஆப்பை இன்ஸ்டால் பண்ணுகிற கோப்பு, எவனோ அனுப்புகிறான். என் மச்சான் அதைத் தொட்டு இன்ஸ்டால் பண்ணினார். மெசேஜ் படிக்கவா என்று கேட்டது, சரி என்று கொடுத்தார். அவ்வளவுதான், ஓடிபி எல்லாம் அவனுக்குப் போய் கணக்கில் இருந்த பணம் ராத்திரியோடு காலி. சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு உடனே போன் பண்ணியிருந்தால் கொஞ்சமாவது பிடித்து நிறுத்தியிருக்கலாம், எங்களுக்கு அப்போது தெரியாது.

உண்மையான செலான் ஆப்பாக வராது. அரசின் பரிவாகன் தளத்தில், முகவரி கவ் டாட் இன் என்று முடிகிறதா பார்த்து, நாமாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும். அக்கா, "இதைக் கொஞ்சம் திறந்து பாரு" என்று உங்கள் கடைக்கும் இந்த மாதிரி கொண்டு வருவார்கள். கடை கம்ப்யூட்டருக்கோ உங்கள் போனுக்கோ அனுப்பச் சொல்லாதீர்கள்.

புளியரை:

நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்புகிற விபிஎன் வாங்கினால் எல்லாம் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கேலரியில் கிடக்கிற ஆதாருக்கு விபிஎன் ஒன்றும் செய்யாது. இந்தியாவில் விபிஎன் நடத்துகிறவர்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டது, அதன் பிறகு எக்ஸ்பிரஸ்விபிஎன், புரோட்டான் எல்லாம் இங்கிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. அந்தப் பணத்தை மிச்சம் பிடித்து ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரில் விளம்பரத்தைத் தடுக்கிற யூபிளாக் ஒரிஜின் போடுங்கள், அது இலவசம். அரசுச் சேவையைத் தேடும்போது மேலே விளம்பரமாக வருகிற போலித் தளங்களில்தான் கடைக்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று, ஆதார் தளத்திலேயே கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் இறக்கலாம், பல இடத்துக்கு அதுவே போதும். முழு நகல்தான் வேண்டும் என்றால் அதன் குறுக்கே எதற்காக, எந்தத் தேதி என்று எழுதிக் கையெழுத்து போடச் சொல்லுங்கள். எங்கள் அப்பா ஐம்பது வருஷமாக எல்லா நகலிலும் இதைத்தான் செய்கிறார்.

குமுளி ஜெராக்ஸ்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு உட்கார்ந்தேன். அழிக்க மட்டும் மூன்று மணி நேரம் ஆனது. ஒவ்வொரு முகமாகக் கண் முன்னால் போனது, இத்தனை பேர் என்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. அந்த அம்மாவின் மகனைக் கூப்பிட்டு, அந்த மூன்று சிம்மும் அம்மாவுடையது இல்லை என்று சஞ்சார் சாத்தியிலேயே குறிக்க வைத்தேன். ஆதார் தளத்தில் கைரேகைப் பூட்டும் போட்டாயிற்று. பிட்வார்டன் போட்டேன் வாத்தியார் சார், பென்டிரைவ் ஒழுங்கு எனக்கு வராது. இப்போது கார்டு கையில் இருக்கிறவர்களிடம் போட்டோ வாங்குவதே இல்லை, நேராக மெஷினில் வைத்து எடுத்துவிடுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். சில விண்ணப்பம் குறை சொல்லித் திரும்பி வரும், அதற்காக இரண்டு வாரமாவது கோப்பை வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அதை எப்படி?

செங்கோட்டை:

வெராகிரிப்ட் போடுங்கள் அக்கா. 2014இல் ட்ரூகிரிப்ட் என்ற பழைய பூட்டு மென்பொருள் நின்றுபோன பிறகு அதன் இடத்தைப் பிடித்தது இதுதான். கம்ப்யூட்டருக்குள் பூட்டிய பெட்டி மாதிரி ஒரு கோப்பு உருவாக்கலாம், திறந்தால் தனி டிரைவாகத் தெரியும், மூடினால் வெறும் கோப்பு. ஒவ்வொரு வாரத்துக்கும் தேதி போட்டு ஒரு கோப்புறை வைத்து, சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு வாரத்துக்கு முந்தினதை அழித்துவிடுங்கள். கடையை விட்டு இறங்கும்போது பெட்டி மூடியிருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள், பையனுக்கு அந்தப் பாஸ்வேர்டு வேண்டாம்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. உங்கள் மெஷின் விண்டோஸ் 11 ஏற்காது என்றால் விண்டோஸுக்குப் பதிலாக இலவசமான லினக்ஸ் மின்ட் போடலாம். முதலில் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்து, உங்கள் பிரிண்டரும் ஸ்கேனரும் வேலை செய்கிறதா என்று சோதித்துவிட்டுப் பிறகு மாற்றுங்கள். மாடல் நம்பரை இங்கே போட்டால் நான் பார்த்துச் சொல்கிறேன்.